பெரியவருக்குப் பெரிய மைக்

பெரியவர் விரலில் ஒரு பவழ மோதிரம் இருந்தது. அந்த விரலை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல மைக்கின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். மைதானத்து மூலைகளில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் டொக், டொக் என்று கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். அந்த மகராசன் விடவில்லை. முகத்தை அருகே கொண்டுபோய், அணைந்த அடுப்பை ஊதுகிற மாதிரி, "ஃபூ... ஃபூ..." என்று ஊதினார்.

மேடையின் ஓரத்தில், வாத்தியக்காரர்கள் வரிசையில், கழுத்தில் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், "ஐயோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த டிரம்ஸ்காரர் என் தொடையைக் கிள்ளினார். பெரியவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதாம்.

அந்த ஊதலில்தான் என் சாக்ஸபோன் என் கையை விட்டுப் போனது. இத்தனை வருடம் கழித்தும் இவன் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால், மறுக்க மாட்டேன். வயிற்றெரிச்சல்தான். எரிகிறதை எரிகிறது என்றுதானே எழுத வேண்டும்?

யாருடைய சாக்ஸபோன்?

போன வாரம் இந்தப் பத்தியில் பேண்டுக்காரர்களின் இரவல் கோட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கிளப்பில் வாசித்தீர்களே, அந்த வாத்தியமாவது உங்கள் சொந்தமா?" என்று கேட்டிருக்கிறார். சொந்தமாக இருந்திருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அது சுரங்க அதிகாரிகளின் கிளப்புச் சொத்து. ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார துரை விட்டுவிட்டுப் போனது. வருடக்கணக்காக அலமாரியில் கிடந்து, சாவிகள் இறுகி, வயிற்றில் ஒரு பள்ளத்தோடு, ரிப்பேருக்காகச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் வொர்க்ஷாப்புக்கு வந்தது. நான் அங்கே ஃபிட்டர். எங்கள் வீட்டார் அப்பா காலத்திலேயே பௌத்தம் தழுவியவர்கள். புத்த ஜயந்தி ஊர்வலத்தில் சின்ன வயதிலிருந்து கிளாரினெட் வாசித்த கை என்னுடையது. பள்ளத்தை எடுத்து, சாவிகளுக்கு எண்ணெய் விட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊது ஊதினேன். கடைசல் மெஷின்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாத்தியத்தை வாங்கிப்போக வந்த கிளப் செகரட்டரி, வாசலில் நின்று கேட்டார். "பரவாயில்லையே! கிளப்புக்கு வாசிக்கிற வரைக்கும் உன் கையிலயே இருக்கட்டும்" என்றார். அந்த "வரைக்கும்" என்கிற வார்த்தையை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த புதிது. துரைகள் ஒவ்வொருவராகக் கிளம்ப, அவர்கள் நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். இனிமேல் நமக்கும் கதவு திறக்கும் என்று எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோரும் பேசிக்கொண்டோம். திறந்தது. பின்பக்கக் கதவு. வாத்தியக்காரர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், பலகாரமும் அந்த வழியாகத்தான் வரும்.

என் மனைவி சரோஜாவுக்கு அந்தக் கதவும் கிடையாது. கிளப்பின் ஆண்டு விழாவன்று தொழிலாளிக் குடும்பங்கள் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று, ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டுக்கொள்ளலாம். அதுதான் வழக்கம்.

"வூட்ல நீங்க ஊதறத கேட்டுக் கேட்டு காது புளிச்சி போச்சி" என்பாள். "மேடையில ஊதறத ஒரு நாளாவது ஒழுங்கா கேக்கலாம்னு பாத்தா, ஸ்பீக்கர்ல தகரத்த சொரண்டற சத்தம்தான் வருது. நெசமாவே நீங்கதான் ஊதறீங்களா, இல்ல அங்க யாராவது பாத்திரம் தேய்க்கிறாங்களா?"

அவள் கேலியாகச் சொன்னாள். அந்த வருடம் செகரட்டரி அதையே கேலியில்லாமல் சொன்னார். புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்திருக்கிறாராம், இசையில் ஆர்வமாம். ஸ்பீக்கரில் என் வாத்தியம் காதைக் கிழிக்கிறது என்று கமிட்டியில் பேச்சாம். "பெங்களூர்லருந்து ஆளக் கூப்பிடலாம்னு சொல்றாங்க. இந்த ஆண்டு விழாவுல நல்லா கேக்கலன்னா, பெட்டியோட கொண்டாந்து வெச்சிடு."

பெட்டியோடு. அந்த "வரைக்கும்" அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது.

மூன்று மைக்

குறை என் ஊதலில் இல்லை, மைக்கில் என்பது எனக்குத் தெரியும். கிளப்புக்கு மைக் செட் போடுகிற பெருமாளுக்கும் தெரியும். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அவன் கடை. என்னைவிட இளையவன், என்னை அண்ணா என்பான். ஒரு விடுமுறை நாளில் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். ஒரு குழாய் ஸ்பீக்கரை மாடியில் கட்டி, மூன்று மைக்கை வரிசையாக வைத்தான்.

முதலாவது, பழைய கார்பன் மைக். உள்ளே கரித்தூள். நான் ஊதுவதற்கு முன்பே மிளகாய் தாளிக்கிற சத்தம் போட்டது. தள்ளி வைத்தோம். இரண்டாவது, கிளப்பில் வழக்கமாக வைக்கிற கிரிஸ்டல் மைக், சோப்பு டப்பா அளவு. பேச்சுக்குப் பரவாயில்லை. சாக்ஸபோனைக் காட்டினால் சளி பிடித்த ஆள் மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும். அடிக்குரல் அதன் காதில் ஏறவே ஏறாது.

மூன்றாவதைப் பெருமாள் ஒரு பட்டுத்துணியிலிருந்து பிரித்தான். பெங்களூரில் மூடிப்போன ஒரு டான்ஸ் ஹாலிலிருந்து வாங்கினது. டிபன் கேரியர் அடுக்குபோல கனமாக, நிக்கல் பூச்சோடு பளபளவென்று இருந்தது. ரிப்பன் மைக் என்றான்.

"உள்ள ஒரு நாடா தொங்குதுண்ணா. சிகரெட் பொட்டியில வெள்ளித் தாள் கீதில்ல, அத்த விட மெல்லிசு. சத்தம் பட்டா ஆடும். காத்து பட்டா செத்துடும்."

"ஊதறவன்கிட்ட வந்து காத்து படக் கூடாதுன்றியேடா!"

"உன் காத்து வாத்தியத்துக்குள்ளதான போவுது? எதிர்ல வர்றது சத்தம்தான். ஆனா கிட்ட மட்டும் வராத."

எவ்வளவு தூரம் என்பதற்கே பாதிப் பகல் போயிற்று. சாக்ஸபோனின் சத்தம் அதன் அகன்ற வாயிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாய்க்கு நேரே மைக்கை வைத்துப் பாருங்கள், அடி சுரம் மட்டும் உருளும், மற்றவை எங்கேயோ போய்விடும். விரலுக்கு விரல் திறந்து மூடுகிற அந்த ஓட்டைகளிலிருந்தெல்லாம் சத்தம் வருகிறது. அதனால் ஒரு முழம் தள்ளி, வாய்க்குக் கொஞ்சம் மேலே, இடது கை விரல்களைப் பார்த்த மாதிரி வைத்தோம்.

அந்த மைக்குக்கு இன்னொரு குணம் உண்டு. முன்பக்கம் கேட்கிற மாதிரியே பின்பக்கமும் கேட்கும். பக்கவாட்டில் செவிடு. பேர் பொறித்த முன்பக்கத்தை எங்கள் பேண்டில் பாடுகிற பெண்ணுக்கு விட்டு, நான் பின்பக்கம் நின்று வாசிப்பது என்று முடிவு செய்தோம். ஸ்பீக்கர்கள் செவிட்டுப் பக்கம் இருந்தால் கீச்சென்ற ஊளையும் வராது.

வாசித்தேன். என்ன சொல்ல! வாயில் வைக்கிற நாணல் ரீடின் மேல் என் நாக்கு படுகிற சின்னச் சத்தம்கூட பஜாரில் கேட்டது. வாழைப்பழக்காரி தட்டை இறக்கி வைத்தாள். பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "யாருபா அது?" என்றார். மொட்டை மாடிக்கு ஓடிக் கேட்டுவிட்டு வந்த பெருமாள் என்னைக் கட்டிக்கொண்டான். நடுவே பூமிக்கடியில் எங்கேயோ பாறை வெடித்து, கடையின் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. எங்கள் ஊரில் அப்போது எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கையை நிறுத்தி, விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காத்திருந்தோம். ஊதவில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. மறுபடி வாசித்தேன். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான பகல் வேறு இல்லை.

கிளம்பும்போது பெருமாள் சொன்னான்: "ஒண்ணே ஒண்ணுண்ணா. எவனையும் தட்டி ஊத வுடாத."

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் மைக்கைத் தட்டாமல், ஊதாமல் பேசின ஆளை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமோ யூனியன் கூட்டமோ, முதலில் தட்டு, பிறகு ஊது, அதற்குப் பிறகுதான் "தோழர்களே". கார்பன் மைக் காலத்துப் பழக்கம் அது. கரித்தூள் கட்டிக்கொள்ளும், தட்டினால்தான் உதிரும். மைக் மாறியும் தட்டு மாறவில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே அதில் கிடையாது.

மேடையில்

விழா அன்று சாயங்காலம். பேச்சு மேசையில் கிரிஸ்டல் மைக். எங்கள் வரிசைக்கு முன்னால், பட்டுத்துணி போர்த்தி, ரிப்பன் மைக். டம்ளரில் குழாயில் வரும் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் பிடித்து ரீடை ஊறப்போட்டுவிட்டு வேலிப் பக்கம் பார்த்தேன். நல்ல கூட்டம். சரோஜா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேலிக்கு வெளியே நிற்பதற்குக் கல்யாணப் புடவை!

புது அதிகாரியான பெரியவர் வந்தார், மாலை விழுந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். செகரட்டரியிடம் குனிந்து ஏதோ சொன்னார். செகரட்டரி வேட்டி தடுக்கப் பெருமாளிடம் ஓடினார்.

"ஏனப்பா, பாட்டுக்காரனுக்கு அவ்ளோ பெரிய மைக்கு, ஐயாவுக்கு இந்தச் சோப்பு டப்பாவா? எடு, எடு, பேரு இருக்கிற பக்கம் ஐயாவப் பாக்கற மாதிரி அத இங்க வை."

"சார், அது ரொம்ப நைஸான மைக்கு சார், காத்து கீத்து பட்டா..."

"பெரியவருக்குப் பெரிய மைக். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

நான் எழுந்து போனேன். "சார், வெச்சுக்குங்க. ஐயா அத்த ஊதாம மட்டும் பேசச் சொல்லுங்க. ஊதினா உள்ள இருக்கிற நாடா போயிடும், சார்."

செகரட்டரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் போயி ஐயாகிட்ட, ஊதாதீங்கன்னு சொல்லணுமா? லைன்ல இருக்கிறவன் சொன்னான்னு சொல்லட்டுமா? போ, போய் உக்காரு."

உட்கார்ந்தேன். தட்டினார். ஊதினார். அவர் "அன்பார்ந்த" என்று ஆரம்பித்தபோதே குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெருமாள் ஆம்ப்ளிஃபயரின் குமிழை முழுக்கத் திருப்பினான். ம்ம்ம் என்று ஒரு இரைச்சல், அதற்கு அடியில் எங்கேயோ பெரியவர். தொழிலாளர் நலனைப் பற்றி வெகுநேரம் பேசினார் போலிருக்கிறது. வேலிக்கு வெளியே ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே கை தட்டியபோதெல்லாம் அவர்களும் தட்டினார்கள், பாவம்.

பிறகு மைக் என் இடத்துக்குத் திரும்பி வந்தது. செத்துப்போனது என்று தெரிந்தும் அதன் முன்னால் நின்றேன். வேறென்ன செய்வது? வாசித்தேன். ஸ்பீக்கரில் அதே இரைச்சல்தான். வேலிப் பக்கமிருந்து "சத்தம்! சத்தம்!" என்று கூச்சல். மூச்சைக் கூட்டினேன், நெஞ்சு வலிக்க ஊதினேன். பயனில்லை. பாதிப் பாட்டில் பெருமாள் கிரிஸ்டல் மைக்கைக் கொண்டுவந்து நட்டான். உடனே அந்தப் பழைய தகரச் சத்தம் ஊருக்கே கேட்டது. முன்வரிசையில் ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் சிரித்தார்.

பாட்டை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பின்பக்கக் கதவில் செகரட்டரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "முரட்டுப் பய. வேகமா ஊதி புது மைக்கையே ஒடச்சிட்டான்."

நாடாவின் வயிறு

மறுநாள் ஞாயிறு. பெருமாள் கடையில் மைக்கைத் திறந்து வைத்திருந்தான். வெயில் படும்படி திருப்பிக் காட்டினான். நாடா, நாடா கழன்ற பைஜாமா மாதிரி தொய்ந்து, பின்பக்கமாக வயிறு தள்ளித் தொங்கியது.

"பாத்தியாண்ணா? முன்னாடி பக்கமா ஊதினாத்தான் இப்டி பின்னாடி தள்ளும். நீ நின்னது பின்னாடி. உன் காத்துன்னா வயிறு முன்னாடி இல்ல தள்ளியிருக்கணும்?"

இதைச் சொன்னது அவன். நான் இல்லை. கமிட்டி நாளைக்கு எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தது.

"இத்த அப்படியே கொண்டாந்து காட்டுடா, பெருமாளு. எனக்கு அது போதும்."

"காட்டாம? சத்தியமா காட்டறேண்ணா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சரோஜா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அவன் கிளப்ப நம்பி கடை வெச்சிருக்கான். அவன நம்பி நீங்க போறீங்க" என்றாள். உனக்கு எல்லாரையும் சந்தேகம்தான் என்று அவளைத் திட்டினேன். திட்டுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தால் நமக்கெல்லாம் எவ்வளவு தைரியம்!

திங்கட்கிழமை கமிட்டி அறை. அவர்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் நின்றோம். பெருமாள் பட்டுத்துணியைப் பிரித்து மைக்கைத் திறந்தான். உள்ளே நாடாவே இல்லை. துடைத்து வைத்த மாதிரி காலி.

"சுத்தமா அறுந்துடுச்சி சார். சாக்ஸபோன் காத்து தாங்கல" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"டேய், நேத்து இன்னா சொன்ன? நாடா எங்கடா?" என்று கத்தினேன். கை ஓங்கிவிட்டேன் என்று பிற்பாடு சொன்னார்கள். ஓங்கியிருந்தால் சந்தோஷம்.

"ஐயாதான் ஊதினாரு, சார். நீங்க எல்லாரும்தான் பாத்தீங்க!"

கடைசியில் வயதான உறுப்பினர் ஒருவர், தன்மையாகத்தான் சொன்னார்: "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்பா. அத யாருகிட்ட போய் சொல்றது?"

திட்டியிருந்தால்கூட இத்தனை நாள் ஞாபகம் இருந்திருக்காது. "ஆயித்து பிடு" என்று, ஆச்சு விடு என்கிற அர்த்தத்தில், கன்னடத்தில் முடித்துவைத்தார் செகரட்டரி.

சாக்ஸபோனை மேசையில் வைத்து, உள்ளே இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தேன். ரீடு என்னுடையது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியை மூடினேன்.

பெருமாள் வாசலில் காத்திருந்தான். "அண்ணா, கிளப்பு வேல போனா என் கடைய மூட வேண்டியதுதான். புள்ள குட்டி கீது."

"எனக்கு மட்டும் இன்னா, நாய்க்குட்டியா கீது?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு அவன் சாகும்வரை அவனோடு பேசவில்லை. சாவுக்குப் போனேன். மன்னித்ததால் போகவில்லை, ஊர் பேசும் என்று போனேன்.

வேலிக்கு வெளியே

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பெங்களூரிலிருந்து ஆள் வந்தார். "வர்றியா?" என்று சரோஜாவைக் கேட்டேன். "நீங்க வேணா போங்க. எனக்கு மானம் கீது" என்றாள். எனக்கு அது இல்லை போலிருக்கிறது, போனேன். லைன்காரர்களோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேச்சு மேசையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ரிப்பன் மைக்கைவிடப் பெரியதாக, ஒரு செம்பு அளவுக்கு, கண்ணைப் பறிக்கிற ஒரு மைக் அங்கே நின்றது. அந்த வெளிக்கூட்டைக் கடைந்ததே எங்கள் வொர்க்ஷாப்பில்தான், பெருமாளுக்காக. உள்ளே இருந்தது அதே பழைய சோப்பு டப்பா கிரிஸ்டல். பெரியவர் வந்தார். திருப்தியாகப் பார்த்தார். தட்டினார், ஆசை தீர ஊதினார். ஒன்றும் ஆகவில்லை. கணீரென்று பேசினார். அட பெருமாளு! இந்தப் புத்தி உனக்கு ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? என் தலையை வாங்கித்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

புது நாடா போட்ட ரிப்பன் மைக், பட்டுத்துணியை எடுத்ததும், வாத்தியக்காரருக்கு முன்னால் வந்தது. ஒரு முழம் தள்ளி. வாய்க்குக் கொஞ்சம் மேலே. இடது கை விரல்களைப் பார்த்த மாதிரி.

அவர் வாசித்தார். மோசமாக வாசிக்கட்டும் என்று அன்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வாசித்தார். அந்தச் சத்தம் மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, லைன் வீடுகள் வரைக்கும் போயிற்று. குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டன.

என் பக்கத்தில் நின்ற கோவிந்தண்ணன், சுரங்க ஷாஃப்டில் ஆள் இறக்குகிற கேஜுக்கு மணியடிக்கிறவர், சூது வாது தெரியாத மனிதர், என் தோளைத் தட்டினார்.

"இன்னா அசோகா, இந்த வாத்தியம் இவ்ளோ நல்லா இருக்கும்னு இத்தினி வருசமா தெரியாம போச்சே! நீ ஊதறப்ப ஒரு நாளும் இப்டி வந்ததில்லியேபா?"

நாடாவைப் பற்றி, முன்பக்கம் பின்பக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே கைதட்டல். கோவிந்தண்ணன் தட்டிக்கொண்டே என் கைகளைப் பார்த்தார்.

நானும் தட்டினேன்.